வினாவைச் சேமித்தல்

எழுதி வைத்தல் வேறு. எழுதி வைத்ததை வேண்டும்போது எடுத்துக்கொள்ளுதல் வேறு. முன்னதைச் செய்வார் உலகிற் பலர். பின்னதைச் செய்வார் சிலரே. வீட்டுக் கணக்கை நாள்தோறும் தவறாது எழுதி வருபவரும், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எண்ணெய்க்குச் செலவிட்டது எவ்வளவு என்று கேட்பின், நோட்டின் ஏடுகளைப் புரட்டிப் புரட்டி இளைப்பர். எழுதியது பொய்யன்று, எழுதியவர் சோம்பரும் அல்லர். ஆயினும், கேட்ட பொழுதிற் கிடையாத எழுத்து ஏட்டுச் சுரைக்காய் போல்வதன்றோ? நூல்நிலையத்தில் ஆயிரம் நூல்கள் இருப்பினும், அட்டவணை இல்லையேல் அவை ஆயிரம் காகிதக் கட்டுகளே என்பதை நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். இக்கருத்தை உள்ளத்திற் கொண்டு, எமது தொழிலில் யாம் நாள்தோறும் கையாளும் சிறு கருவி ஒன்றைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். கருவி சிறிதே, எனினும் அது கற்பிக்கும் பாடம் சிறிதன்று என்பது எம் துணிபு.

யாம் இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய பின்னர், மென்பொருள்களைப் பழுது பார்க்கும் தொழிலை மேற்கொண்டோம். கொத்தரும் தச்சரும் வீட்டைக் கட்டி முடித்துச் சென்றபின், ஒழுகும் கூரையையும் பொருந்தாத கதவையும் சரி செய்ய ஒருவர் வேண்டுமன்றோ? அத்தகையதே எம் பணி. மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவோர் பல்லாயிரவராயின், அவர் கண்ட குறைகளும் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். அவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, எண்ணிட்டு, இன்னார் பொறுப்பு என்று குறித்து, அது தீரும் வரையிற் பின்தொடர்வதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. பதிவேடு என்றோமேனும் அது காகிதத்தால் ஆயதன்று, கணினியிலேயே உள்ளது. அதிற் பதியும் ஒவ்வொரு குறையையும் எம்மவர் ‘டிக்கெட்’ என்றே வழங்குவர். ரயில் டிக்கெட்டைப் போலவே இதற்கும் எண் உண்டு. அதனைப் போலவே இதுவும் ஓரிடத்திற் சென்று சேர்தல் வேண்டும்.

மென்பொருளில் நேரும் குறையை ஆங்கிலர் ‘பக்’, அஃதாவது பூச்சி, என்பர். தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றிலேயே யந்திரக் குறைகளை இச்சொல்லாற் குறித்துள்ளார். பின்னர், 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்னும் கணினியை இயக்கியோர், அதன் உறுப்பொன்றில் அந்துப்பூச்சி ஒன்று மெய்யாகவே சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டுத் தாளில் ஒட்டி, பூச்சி ஒன்று மெய்யாக அகப்பட்டது இதுவே முதன்முறை என்று நகைச்சுவை தோன்ற எழுதியும் வைத்தனர். அத்தாள் இன்று அமெரிக்க நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற் காக்கப்பட்டுள்ளது. குறையைக் கண்டு நீக்கியதோடு அமையாமல், நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதிய அவர்தம் வழக்கமே இக்காலத்து டிக்கெட்டுகளுக்கெல்லாம் மூதாதை எனலாம்.

இத்தகைய கணினிப் பதிவேடுகளுட் பெயர்பெற்றவை இரண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தாரின் பிரவுசர் 1998ஆம் ஆண்டில் யாவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து விடப்பட்டபோது, டெரி வைஸ்மன் என்பார் அப்பணிக்கென ‘பக்ஸில்லா’ என்னும் பதிவேட்டை ஆக்கினார். பயர்பாக்ஸ் பிரவுசரின் குறைகள் இன்றும் அதிலேயே பதியப்படுகின்றன. மற்றையது, ஆஸ்திரேலிய நிறுவனமாகிய அட்லாசியன் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜிரா’ என்பது. காட்ஜில்லா என்னும் திரைப்படப் பூதவிலங்கை ஜப்பானியர் ‘கோஜிரா’ என்பர். பக்ஸில்லாவின் பெயரை நினைந்து, விளையாட்டாக, அச்சொல்லின் முதலெழுத்தை நீக்கி இப்பெயரைச் சூட்டினராம். எம் அலுவலகத்தில் வழங்குவது ஜிராவே.

டிக்கெட் ஒவ்வொன்றும் கட்டங்கள் பல கொண்ட விண்ணப்பத்தாளை ஒக்கும். குறையின் சுருக்கம் ஒரு கட்டத்திலும், விரிவு மற்றொன்றிலும் அமையும். அறிவித்தவர் யார், பொறுப்பேற்றவர் யார், மென்பொருளின் எப்பகுதியைச் சார்ந்தது, அவசரம் எவ்வளவு, இப்பொழுது எந்நிலையில் உள்ளது, எந்நாளிற் பதிந்தது, எந்நாளில் இறுதியாகத் தொடப்பட்டது என்பனவெல்லாம் தனித்தனிக் கட்டங்களாம். டிக்கெட் பத்தாயின் கண்ணாற் பார்த்தே அறியலாம். நூறாயின் வரிசைப்படுத்தி அறியலாம். பல்லாயிரமாயின் வினவியே அறிதல் வேண்டும். கட்டங்களை வைத்துக்கொண்டு பதிவேட்டை வினவுதலே தேடல் என்பது. ‘உதவித்தொகை மென்பொருளைச் சார்ந்ததும், இன்னும் முடிவுறாததும், என் பொறுப்பில் உள்ளதும் ஆகிய டிக்கெட்டுகள் யாவை?’ என்பது மிக எளிய வினா. காலையில் அலுவலகம் சேர்ந்தவுடன் ஒவ்வொருவரும் கேட்பது இதுவே.

இவ்வினாக்களை இணைக்கும் சொற்கள் மூன்றே: ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’. தமிழில் உம்மையும், ‘அல்லது’ என்பதும், ‘அன்று’ என்பதும் இவற்றிற்கு ஒப்பாம். இவற்றைக் கணக்கிலக்கணமாக வகுத்தவர் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலர். அயர்லாந்தில் கார்க் நகரத்துக் கல்லூரியில் கணித ஆசிரியராய் இருந்தவர். சிந்தனையின் விதிகளைப் பற்றிய தம் பெருநூலை 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் காலத்தவரும் நண்பரும் ஆகிய அகஸ்டஸ் டி மார்கன் என்பாரை நாம் சிறப்பாக நினைத்தல் தகும். என்னையோ எனின், அவர் 1806ஆம் ஆண்டிற் பிறந்தது நம் மதுரையிலேயாம். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிற் பணி புரிந்தவர். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற டி மார்கன், 1828ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் முதற் கணிதப் பேராசிரியரானார். மறுத்தலைப் பற்றி அவர் பெயரால் வழங்கும் விதிகள் இரண்டும் இன்றளவும் எம்மைக் காத்து வருகின்றன.

அவ்விதியின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். முடிவுற்ற டிக்கெட்டுகளையும் ஒத்தி வைத்த டிக்கெட்டுகளையும் விலக்கி, எஞ்சியவற்றைப் பார்க்க ஒருவர் விரும்புகின்றார் என்க. அவர் ‘முடிவுற்றது அன்று, அல்லது ஒத்தி வைத்தது அன்று’ என எழுதுவாராயின், பதிவேட்டில் உள்ள எல்லா டிக்கெட்டும் வந்து குவியும். முடிவுற்ற டிக்கெட் ஒத்தி வைத்தது அன்று. ஒத்தி வைத்த டிக்கெட் முடிவுற்றது அன்று. ஆதலின் எதுவும் விலகாது. ‘முடிவுற்றதும் அன்று, ஒத்தி வைத்ததும் அன்று’ என்று எழுதுதலே முறை. ‘அல்லது’ என்பதன் மறுப்பு, ‘உம்’ கொண்டு இணைந்த இரண்டு மறுப்புகளாம் என்பதே டி மார்கன் கூறியது. விடுதிச் சமையற்காரரிடம், ‘புலால் உண்ணாதாரும் அல்லர், நோயாளரும் அல்லர் ஆகிய மாணவர்க்கு மட்டும் மீன் இடுக’ என்று சொல்லும் விடுதித் தலைவர் இவ்விதியை அறியாமலே கையாளுகின்றார்.

அடைப்புக்குறியின் பெருமையும் இங்கே விளங்கும். ‘மிக அவசரம் அல்லது அவசரம், அதனோடு பொறுப்பாளர் அற்றது’ என்று எழுதின், ஜிரா உம்மையால் இணைந்தவற்றையே முதலிற் பொருத்தும். ஆகவே, ‘அவசரம், பொறுப்பாளர் அற்றது’ என்னும் இரண்டும் ஒரு கூறாகி, ‘மிக அவசரம்’ தனியே நிற்கும். மிக அவசரமானவை, பொறுப்பாளர் இருப்பினும் இல்லாவிடினும், யாவும் வந்து சேரும். முதலிரண்டையும் அடைப்புக்குறிக்குள் அமைத்தாலன்றி நினைத்த விடை கிடையாது. செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கொள்ளக் கற்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. பிரிக்கும் இடம் மாறினாற் பொருளும் மாறும்.

இனி, வினாவைச் சேமித்தலைப் பற்றிக் கூறுவோம். ஒரு வினாவை ஆராய்ந்து எழுதியபின், மறுநாளும் அதனையே புதிதாக எழுதுதல் வீண் உழைப்பு. ஆதலின் அதற்கு ஒரு பெயரிட்டுச் சேமித்து வைப்பர். ஜிராவில் இதனை ‘ஃபில்டர்’ என்பர். நீரை வடிகட்டும் பொருளுக்கும் இதுவே பெயராதலை நோக்குக. இதில் ஒரு நுட்பம் உண்டு. சேமிக்கப்படுவது வினாவே, விடையன்று. இன்று கிடைத்த 20 டிக்கெட்டுகளின் பட்டியலை ஒருவர் தாளில் எழுதி வைப்பாராயின், நாளைக்கு அது பழைய பட்டியலாகிவிடும். வினாவை வைத்திருப்பவர்க்கோ, திறக்குந்தோறும் அன்றன்றைய விடை கிடைக்கும். இதன் பொருட்டே, ‘மே மாதம் 3ஆம் நாள் முதல்’ என்று எழுதாமல், ‘இற்றைக்கு 30 நாட்களாக எவரும் தொடாதவை’ என்று எழுதும் வழியும் அமைத்துள்ளனர். நாட்காட்டி நகர நகர வினாவும் உடன் நகரும்.

சேமித்த வினாவைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதலும் உண்டு. ‘என் பொறுப்பில் உள்ளவை’ என்னுமிடத்தில் ஒருவர் தம் பெயரை எழுதாமல், ‘இப்பொழுது பார்ப்பவர்’ என்னும் பொருள்தரும் சொல்லை எழுதுவாராயின், ஒரே வினா கந்தனுக்குக் கந்தன் வேலையையும் வள்ளிக்கு வள்ளி வேலையையும் காட்டும். பகிர்ந்தமையால் மறைபொருள் வெளிப்படுமோ எனின், வெளிப்படாது. பார்ப்பவர்க்கு உரிமையுள்ள டிக்கெட்டுகள் மட்டுமே அவர்க்குத் தோன்றும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், விடையைக் கடிதமாக அனுப்புமாறு ஏவுதலும் கூடும். பக்ஸில்லாவில் இவ்வசதிக்கு, ‘முனகல்’ எனப் பொருள்படும் ‘வைனிங்’ என்னும் பெயரை இட்டுள்ளனர். செய்யாத வேலைக்காக வீட்டார் நாள்தோறும் முனகுவதை ஒப்பதாகலின், பொருத்தமான பெயரே.

பெயரிடுதலிலும் வரிசைப்படுத்துதலிலும் கவனம் வேண்டும். ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசிப் புதியது’ என்று பெயரிட்டார், ஆறு திங்கள் கழிந்தபின் தம் வினாவைத் தாமே அறியார். ‘விண்ணப்பப் பகுதி: பொறுப்பாளர் அற்றவை’ என்றாற்போல, திறவாமலே உள்ளிருப்பது தெரியும்படி பெயரிடுதல் நன்று. வரிசையோ, பெரும்பாலும் புதியது மேலாகவும் பழையது கீழாகவும் இருப்பது வழக்கம். மேலே உள்ளவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் மாலையாகிவிடும். கீழே உள்ளவை மறுநாள் இன்னும் கீழே போகும். ஆகவே, பழையதை மேலே காட்டும் வினா ஒன்றையும் சேமித்து, கிழமைக்கு ஒருமுறையேனும் திறத்தல் எம் வழக்கம்.

இதுகாறும் கூறியவை கருவியின் முறைகள். இம்முறைகளையெல்லாம் அறிந்தோரும் காணாது விடக்கூடிய ஒன்றை எம் அனுபவத்திற் கண்டோம். அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மென்பொருள் ஒன்றைக் காத்து வரும் குழுவில் யாம் புதிதாகச் சேர்ந்தோம். எமக்கு முன்னே அங்குப் பணி செய்தோர் திறமையும் ஊக்கமும் உடையவர். மென்பொருளைக் கணக்குப் பகுதி, விண்ணப்பப் பகுதி, சான்றிதழ்ப் பகுதி, அச்சுப் பகுதி என நான்காக வகுத்து, பகுதிக்கு ஒரு வினா சேமித்து வைத்திருந்தனர். அச்சுப் பகுதியை வேறொரு குழு கவனித்து வந்தமையால், ‘அச்சுப் பகுதி அன்று’ என்னும் வினா ஒன்றும் இருந்தது. அச்சு நீங்கலாக உள்ள எல்லாம் அதனுள் அடங்கும் என்பது அனைவரது நம்பிக்கை. திங்கட்கிழமைதோறும் அதனைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இருந்தவற்றையெல்லாம் முடித்து வந்தனர். பதிவேடு தூயதாகவே தோன்றியது.

அக்குழுவில் மென்பொருளைச் சோதிக்கும் பணியில் மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். அனைவரும் அவரை அக்கா என்றே அழைப்பர். பழைய வினாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பயின்றுகொண்டிருந்த எம் அருகில் வந்து, “தம்பி, பகுதி எழுதியவற்றை எல்லாரும் தேடுகின்றோம். பகுதி எழுதாதவற்றை யாரேனும் தேடியதுண்டா?” என்றார். “அக்கா, ‘அச்சுப் பகுதி அன்று’ என்பதில் அவையும் வாராவோ?” என்றோம். “வருமென்றுதான் எல்லாரும் சொல்கின்றார்கள். கேட்டுப் பாருங்கள்” என்று கூறிச் சென்றார். பகுதி என்னும் கட்டம் வெறுமையாய் உள்ள டிக்கெட்டுகள் யாவை என்று வினவினோம். 41 டிக்கெட்டுகள் வந்து நின்றன. திங்கட்கிழமை வினாவில் அவற்றுள் ஒன்றேனும் இல்லை.

இது யந்திரத்தின் குற்றமன்று, அதன் இலக்கணம். ஜிராவில் ‘அச்சு அன்று’ என்று வினவினால், ஏதேனும் ஒரு பகுதி எழுதப்பெற்று, அப்பகுதி அச்சு அல்லாததாய் உள்ள டிக்கெட்டுகளே வரும். ஒன்றும் எழுதப்பெறாதது ‘அச்சு’ என்னும் வினாவிலும் வாராது. ‘அச்சு அன்று’ என்னும் வினாவிலும் வாராது. எட்கர் காட் என்பார் 1970ஆம் ஆண்டில் வகுத்தளித்த முறையைப் பின்பற்றி எழுந்த தரவுத்தளங்களிலும் இவ்வழக்கே காண்கின்றோம். ஆண்டு வெறுங்கட்டத்தை ஒன்றனோடு ஒப்பிட்டால் விடை மெய்யும் அன்று, பொய்யும் அன்று. ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் நிலையாம். மெய்யென்று துணிந்தவற்றையே தேடல் திரட்டித் தருமாதலின், அறியப்படாதது இருபுறத்தும் இடமின்றி நிற்கும். அவற்றையும் வேண்டுவோர், ‘அச்சு அன்று, அல்லது கட்டம் வெறுமை’ என்று வெளிப்படையாகவே எழுதுதல் வேண்டும்.

அக்கட்டம் வெறுமையாய் இருந்ததன் காரணமும் விளங்கிற்று. எம்மவர் எழுதும் டிக்கெட்டுகளிற் பகுதி எப்பொழுதும் நிரப்பப்பெறும். வெளியார் அனுப்பும் மின்னஞ்சல்களோ தாமாகவே டிக்கெட்டாக மாறும்படி அமைக்கப்பட்டிருந்தன. மென்பொருளுக்கு நான்கு பகுதிகள் உண்டென்பதே விண்ணப்பிக்கும் மாணவர்க்குத் தெரியாது. அவர் அதனை எவ்வாறு எழுதுவர்? ஆகவே, எவருடைய குறைகளைத் தீர்க்க இப்பதிவேடு அமைந்ததோ, அவர் தம் கையால் எழுதியவையே பதிவேட்டில் இருந்தும் இல்லாதனவாயின.

அந்த 41இற் பாதிக்கு மேல் பயனற்றவை. விளம்பரக் கடிதங்களும், ஒருவரே இருமுறை அனுப்பியவையும், நன்றிக் கடிதங்களும் இருந்தன. எஞ்சியவற்றுள் ஒன்று ஏழு திங்கட்கு முன் வந்தது. எழுதியவர் பார்வையற்ற மாணவி ஒருவர். கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளின் துணையால் விண்ணப்பம் நிரப்பியவர். எங்கள் விண்ணப்பத்தின் இறுதியிற் படங்களாய் அமைந்த பொத்தான்கள் இரண்டு இருந்தன. ஒன்று அனுப்புவதற்கு, மற்றொன்று எழுதியதையெல்லாம் அழிப்பதற்கு. படத்திற்கு உரிய பெயர் உள்ளே எழுதப்படாமையால், படிக்கும் மென்பொருள் இரண்டையும் ‘பட்டன்’, ‘பட்டன்’ என்று மட்டுமே கூறியது. கண்ணுடையார்க்குப் பச்சையும் சிவப்பும் வேறுபாடு காட்டின. அவர்க்குக் காட்டுவது ஒன்றுமில்லை. அவர் மும்முறை நிரப்பினார். மூன்று முறையும் யாவும் அழிந்தன. இறுதி நாளுக்கு நான்கு நாள் உண்டு என்றும், எது அனுப்பும் பொத்தான் என்று தெரிவித்தாற் போதும் என்றும் எழுதியிருந்தார். அவ்வளவே கடிதம். இறுதி நாள் கடந்து ஆறு திங்களுக்கு மேலாகியிருந்தது.

பொத்தான்களுக்குப் பெயர் எழுதும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அக்காவே கண்ணை மூடிக்கொண்டு, செவியாற் கேட்டு மட்டும், விண்ணப்பத்தை முதலிலிருந்து இறுதி வரை நிரப்பிச் சோதித்தார். குழுவின் பெயரால் மாணவிக்குக் கடிதம் எழுதினோம். அவர்க்கு அவ்வாண்டின் உதவித்தொகையை மீட்டுத் தரும் வல்லமை எம் குழுவிற்கு இல்லை. அதனையும் மறையாது எழுதினோம். மறுநாளே விடை வந்தது. அதில் வசையும் இல்லை, நன்றியும் இல்லை. பிறந்த நாள் குறிக்கும் கட்டத்திலும், சான்றிதழ் இணைக்கும் இடத்திலும் இதே போன்ற குறை உண்டென்று, முதலாவது, இரண்டாவது என எண்ணிட்டு எழுதியிருந்தார். அவ்விரண்டையும் இரண்டு டிக்கெட்டுகளாகப் பதிந்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் அக்கா உடனிருந்து நிரப்புவித்தார்.

பக்ஸில்லாவில் ஒரு வழக்கம் உண்டு. வினவியதற்கு ஒன்றும் கிடைக்காதபோது, ‘குறை ஒன்றும் இல்லை’ என்று அது நேரே கூறுவதில்லை. எழுத்தை வேண்டுமென்றே பிழைபடுத்தி, ‘ஜாரோ பூக்ஸ்’ கண்டோம் என்று கூறும். ‘ஜீரோ பக்ஸ்’ என்று திருத்தமாக எழுதாததன் கருத்தாவது, குறையே இல்லாத மென்பொருள் உலகில் இல்லையாதலின், இல்லை என்னும் சொல்லே குறையுடையது என்பதாம். முதலிற் கண்டபோது அதனை வெறும் வேடிக்கை என்றே கொண்டோம். திங்கட்கிழமைப் பட்டியல் தூயதாய்த் தோன்றிய காலத்தில் அந்த 41உம் உடன் இருந்தமையை எண்ணும்போது, அவ்வேடிக்கையின் ஆழம் புலனாகின்றது. ‘இல்லை’ என்று பதிவேடு சொல்லின், ‘நீ கேட்ட கேள்விக்கு இல்லை’ என்பதே பொருள்.

ஆதலின், சேமித்த வினா ஒன்றிற்கு இரண்டு இயல்புகள் உண்டு என்று அறிகின்றோம். பார்க்க வேண்டியவற்றை நாள்தோறும் மறவாமற் காட்டுவது ஒன்று. அதனுள் அடங்காதவற்றை நாள்தோறும் மறவாமல் மறைப்பது மற்றொன்று. நாம் ஒருநாள் எண்ணிப் பார்த்து வகுத்த எல்லை, அதன்பின் எண்ணிப் பாராமலே ஆண்டுக்கணக்கில் நிலைத்து விடுகின்றது. வினா நன்றாக அமைந்திருக்குந்தோறும் நம்பிக்கை மிகும். நம்பிக்கை மிகுந்தோறும் வெளியே எட்டிப் பார்க்கும் எண்ணம் குறையும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. எல்லாருடைய வினாக்களும் விட்டுவிடும் டிக்கெட்டுகளைத் திரட்டும் வினா ஒன்றையும் சேமித்து வைத்தல் வேண்டும். பொறுப்பாளர் அற்றவை, பகுதி அற்றவை, அவசரம் குறிக்கப்படாதவை என்பன அதனுள் அடங்கும். ‘கிட்ஹப்’ என்னும் தளத்தில், ‘இல்லை’ எனப் பொருள்படும் ‘நோ’ என்னும் சொல்லை முன்னே இட்டு, பொறுப்பாளர் அற்றவற்றையும் அடையாளச் சீட்டு அற்றவற்றையும் தேடலாம். பயர்பாக்ஸின் பதிவேட்டில் ‘அன்ட்ரையேஜ்டு’, அஃதாவது இன்னும் வகைப்படுத்தப்படாதது, என்று ஒரு பகுதியே வைத்துள்ளனர்; இடம் அறியாது வருபவை அங்குத் தங்கும். எம் குழுவில் அவ்வினாவிற்கு ‘யாருடையதும் அன்று’ என்று பெயரிட்டோம். அதனைத் திறக்கும் கடமை கிழமைக்கு ஒருவராக முறை மாறி வரும். முறையுடையவர் எவ்வளவு மூத்தவராயினும், எவ்வளவு வேலையுடையவராயினும், விலக்கு இல்லை. சேமித்த பழைய வினாக்களையும் மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்து, இன்றைக்கும் இது பொருந்துமா என்று படித்துப் பார்க்கின்றோம், பொருந்தாதவற்றை நீக்குகின்றோம்.

மாணவ நண்பர்காள், உங்களுட் பலர் கணினித் தொழிலை நாடாதவராகலாம். எனினும் பட்டியல்களைக் கொண்டு பணி செய்யாத தொழில் யாது? ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு உண்டு. மருத்துவரிடம் நோயாளர் வரிசை உண்டு. அலுவலரிடம் மனுக்கள் உண்டு. வரிசையில் எவர் வருவர் என்பதை, என்றோ எவரோ கேட்டு வைத்த கேள்வி ஒன்று முடிவு செய்கின்றது. கேள்வியை நுட்பமாக அமைக்கக் கற்றுக்கொள்க. உம்மையும் மறுப்பும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க. நல்ல பெயரிட்டுச் சேமித்து, பிறர்க்கும் வழங்குக. அதன்பின், கட்டத்தை நிரப்பத் தெரியாதவர் எழுதியது எங்கே போய்ச் சேர்கின்றது என்று ஒருமுறை வினவிப் பார்க்க. அங்கே கடிதம் ஒன்று இருக்கலாம். அதற்குரிய இறுதி நாள் இன்னும் கடவாமலும் இருக்கலாம்.